வெயில் இல்லாத கடற்கரை

மேகம் முழுக்க மூடிய பகலில் கடற்கரைக்கு வரும் வெளிச்சத்துக்குத் திசை கிடையாது. வெயில் நாளில் சூரியன் என்ற ஒரே புள்ளியிலிருந்து ஒளி பாய்கிறது. விளக்குக் கம்பத்தின் காலடியில் கறுப்பு நிழல் விழுகிறது. அலையின் முகட்டில் கண் கூசும் மினுக்கம் தெறிக்கிறது. மப்பும் மந்தாரமுமான நாளில் அந்த ஒளி மேகத்தின் நீர்த்துளிகளில் பட்டுப் பட்டுச் சிதறுகிறது. வானம் மொத்தமும் விளக்காகிவிடுகிறது. நிழல் கரைகிறது, மினுக்கம் அடங்குகிறது. பொருளின் மேடுபள்ளத்தைக் காட்டுவது சாய்ந்த வெயிலின் வேலை. அதன் சொந்த நிறத்தையும், அதில் காலம் படிய வைத்த கறையையும் காட்டுவது மேக வெளிச்சத்தின் வேலை. துருவேறிய இரும்பின் பழுப்பு, சுண்ணாம்புச் சுவரில் மழைநீர் இழுத்த கோடுகள், ஃபைபர் படகின் வெளிறிய நீலம் எல்லாம் இந்த வெளிச்சத்தில்தான் உள்ளது உள்ளபடி பதிவாகின்றன.

உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி 1,00,000 லக்ஸ் அளவை எட்டும். மேகம் சூழ்ந்த பகலில் அது ஏறக்குறைய 10,000 முதல் 20,000 லக்ஸ். மழை மேகம் கறுத்து இறங்கினால் 2,000 லக்ஸுக்கும் கீழே போய்விடும். மனிதக் கண் இந்த இறக்கத்துக்குத் தானாகப் பழகிக்கொள்வதால் அதை முழுதாக உணர்வதில்லை. ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் மனப்பாடமாக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: நல்ல வெயிலில் எஃப்/16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/100 விநாடி. மேகமூட்டத்துக்கு அதே ஷட்டரில் எஃப்/8, கனத்த மூட்டத்துக்கு எஃப்/5.6. ஒளி நான்கு முதல் எட்டு மடங்கு குறைகிறது என்பதே இதன் பொருள். கையில் பிடித்து எடுப்பதற்கு இன்றைய கேமராக்களுக்கு இது தாராளமான வெளிச்சம். ஆகவே சிக்கல் வெளிச்சத்தின் அளவில் இல்லை. அது வானத்தில் பரவியிருக்கும் விதத்தில் இருக்கிறது.

சாம்பல் வானம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதாகத்தான் பார்வைக்குப் படும். அளந்து பார்த்தால் அப்படியில்லை. முழுமையாக மூடிய வானத்தில் தலைக்கு நேர் மேலே உள்ள பகுதி, அடிவானத்தை ஒட்டிய பகுதியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசமானது. 1942-இல் மூன், ஸ்பென்சர் என்ற இருவர் வகுத்த இந்தக் கணக்கைக் கட்டட வெளிச்சத்தைத் திட்டமிடுவோர் இன்றும் பயன்படுத்துகிறார்கள். படம் எடுப்பவருக்கு இதிலிருந்து ஒரு நேரடிப் பயன் உண்டு. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து, அகன்ற லென்ஸில் நிறைய வானத்தைச் சேர்த்தால் படத்தின் மேற்பகுதி வெளுத்துப்போகும். அந்த வெளுப்பைச் சமாளிக்கப் போனால் கரை இருண்டுவிடும். கேமராவை மட்டமாகப் பிடித்து, அடிவானத்துக்குச் சற்று மேலே உள்ள பட்டையை மட்டும் எடுத்தால் வானம், நுரை, மணல் மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவுகளில் வந்து நிற்கும். மேகத்தின் அடுக்குகளும் தொலைவில் மழை இறங்கும் திரையும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பட்டையில்தான் இருக்கின்றன.

கடலின் நிறமும் வானத்திடம் வாங்கியதுதான். தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே திரும்பி வரும். பார்வை சாயச் சாய அது கூடிக்கொண்டே போய், மிகச் சாய்ந்த கோணத்தில் கண்ணாடிபோல் முழுமையை நெருங்கும். அதனால் காலடியில் உள்ள கடல் தன் சொந்த நிறத்தை, அதாவது கலங்கிய மண் பழுப்பையோ பச்சையையோ, காட்டுகிறது. தொலைவில் உள்ள கடல் வானத்தைக் காட்டுகிறது. காற்று முற்றிலும் ஓய்ந்த நாளில் தொலைக்கடலும் தாழ்வானமும் ஒரே சாம்பலாகி, நடுவே கோடே தெரியாமல் போவதுண்டு. காற்று எழுந்ததும் அலைகளின் சரிவுகள் கரையைப் பார்த்துச் சாய்கின்றன. அவை வானத்தின் உயரமான பகுதியைக் குறைந்த அளவில் பிரதிபலிப்பதால் கடல் வானத்தைவிடக் கறுத்து, தொடுவானக் கோடு கத்தி வைத்ததுபோல் துல்லியமாகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வாடை வீசும் நாட்களில் தமிழகக் கடற்கரையில் காணப்படும் கறுத்த கடலுக்குக் காரணம் இது. ஒரே இடத்தில் ஒரே நாளில்கூடக் காற்று மாறினால் படம் வேறாகிவிடும் என்பதால், கடற்கரைக்குப் போகிறவர் மேகத்தைப் பார்ப்பதோடு காற்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கேமராவின் உயரத்தைப் பொறுத்தது. கரையில் நிற்பவரின் கண் உயரமான 1.6 மீட்டரிலிருந்து தொடுவானம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். முழங்கால் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் இரண்டரை கிலோமீட்டர். தூறல் நாளில் காற்றிலுள்ள ஈரம் தொலைவை மங்கச் செய்யும்போது, தாழ்ந்த கேமராவில் கோடு கூர்மையாகவும் உயர்ந்த கேமராவில் சற்றுக் கரைந்தும் தெரிய இதுவும் ஒரு காரணம். கோடு கொஞ்சம் சரிந்தாலும் வெறுமையான படத்தில் அது உடனே கண்ணை உறுத்தும். கூட்டம் நிறைந்த படத்தில் மறைந்துபோகிற பிழைகளுக்கு இங்கே ஒளிய இடமில்லை.

கடலையும் வானத்தையும் ஒரே படத்தில் பிடிப்பது தொடக்க காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1850-களில் பயன்பட்ட கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் அதிகம் உணர்ந்தன. கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் நார்மண்டியிலும் தெற்கே செத் துறைமுகத்திலும் எடுத்த கடற்படங்களில் இதற்கு வழி கண்டார். வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு. இரண்டையும் அச்சில் தொடுவானக் கோட்டில் சேர்த்தார். செத்தில் எடுத்த ‘பேரலை’ அவ்வாறு பிறந்த படம். ஒரே மேகத் தகடு அவருடைய ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் வருவதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரு வெளிச்சங்களை ஒன்றாக்க இன்று மென்பொருள் செய்யும் வேலையை அவர் கைத்திறனால் செய்தார். மேகம் அவருக்கு அலங்காரமாக இருக்கவில்லை. படத்தின் பாதி எடையை அதுதான் தாங்கியது.

ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1980-இல் ஜமைக்காவின் கரீபியன் கடலில் தொடங்கிய வரிசை இதற்கு நேர் மறுமுனை. உலகின் பல கடல்களை, பெரிய கேமராவில், கறுப்பு வெள்ளையில், தொடுவானம் சரிபாதியில் வரும்படி எடுத்தார். கப்பல் இல்லை, பறவை இல்லை, கரையும் இல்லை. சில படங்களில் கோடு கூர்மை, சிலவற்றில் மூடுபனியில் மறைந்தே போயிருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்த்தால் சாம்பல் என்பது ஒரே நிறம் அன்று என்பது விளங்கும். இங்கிலாந்தில் 1953-இல் பிறந்த மைக்கேல் கென்னா தன் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஷட்டரை நிமிடக் கணக்கிலும், இரவில் சில வேளை மணிக்கணக்கிலும் திறந்துவைத்தார். அலைகள் பனியாகிவிட, நீரில் நிற்கும் கம்பங்கள் மட்டும் மிஞ்சின. இன்று உலகெங்கும் எடுக்கப்படும் மந்தாரக் கடல் படங்களில் பெரும்பகுதி இந்த இருவரில் ஒருவரின் வழியைப் பின்பற்றுகிறது.

ஆளில்லாத திறந்த கடலுக்கும் ஆளில்லாத கடற்கரைச் சாலைக்கும் வேறுபாடு உண்டு. கடல் எப்போதும் வெறுமையானதுதான். கடற்கரைச் சாலையோ கூட்டத்துக்காகவே கட்டப்பட்டது. நடைமேடை, கைப்பிடி, பெஞ்சு, விளக்குக் கம்பம் எல்லாம் யாராவது வருவார்கள் என்ற எதிர்பார்ப்பில் நிற்பவை. அவர்கள் வராத நாளில் அந்த எதிர்பார்ப்பு வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. பிரிட்டனின் கடற்கரை ஊர்களைக் குளிர்காலத்தில் படமெடுப்பது தனி மரபாகவே வளர்ந்ததற்கு இது காரணம். பிரைட்டன் நகரின் மேற்குக் கடற்பாலம் 1866-இல் திறக்கப்பட்டு, 1975-இல் மூடப்பட்டு, 2002 கடைசியில் ஒரு பகுதி சரிந்து, 2003-இல் இருமுறை தீக்கிரையானது. இரும்புக் கூடு மட்டும் கடலில் நிற்கிறது. கோடையின் நீல வானத்தில் அது ஒரு காட்சிப் பொருள். குளிர்காலத்தின் சாம்பலில்தான் அது இழந்தவற்றின் அளவு தெரிகிறது.

தமிழ் வாசகர்கள் எளிதில் சென்று பார்க்கக்கூடிய உதாரணம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் நீளமுள்ள, வடக்குத் தெற்காக ஓடும் சாலை. கிழக்கே கடல், மேற்கே வெள்ளையும் மஞ்சளுமான பழைய கட்டடங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்ட பிரெஞ்சு நினைவுச் சின்னம் ஆகியவை ஒரு பார்வைக்குள் அடங்கும். மாலை முதல் மறுநாள் காலைவரை வாகனங்களை விடுவதில்லை. வழக்கமான நாளில் அந்த நேரம் நடப்பவர்களால் நிறைந்துவிடும். நவம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்த மறுநாள் விடியலில் அதே சாலை வெறிச்சோடிக் கிடக்கும்.

வெயில் காலத்தில் இந்தச் சாலைக்குக் காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம். கிழக்கு நோக்கிய கரை என்பதால் காலையில் சூரியன் லென்ஸுக்கு எதிரே. மாலையில் கட்டடங்களின் நிழல் சாலையில் படுத்துவிடும். மேகம் மூடிய நாளில் இந்தத் தொல்லை இல்லை. கடலைப் பார்த்தும் எடுக்கலாம், ஊரைப் பார்த்தும் எடுக்கலாம், பகல் முழுக்க எடுக்கலாம். வெள்ளைச் சுவர்கள் கூசாமல் தங்கள் மேற்பூச்சின் மாற்றங்களைக் காட்டும். கரையோரம் குவித்திருக்கும் கரும்பாறைகள் மழையில் நனைந்து கறுத்து, படத்துக்கு அடித்தளமாகும் கனத்தைத் தரும்.

அந்தப் பாறைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டு முழுதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. 1980-களின் கடைசியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்துவிட, வடக்கே இருந்த மணற்கரை அரித்துப்போனது. மிச்சமிருந்ததைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. அண்மை ஆண்டுகளில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் கடலடியில் அமைத்த தடுப்புத் திட்டால் தலைமைச் செயலகம் அருகே மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இரும்புக் கடற்பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அதற்குத் தெற்கே பின்னர் கட்டிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. இவற்றை அறிந்து போகிறவருக்கு அந்தப் பாறை வெறும் முன்புலமாகத் தெரியாது. ஒரே கோணத்தில், ஒரே லென்ஸில் ஆண்டுக்கு ஆண்டு எடுத்து வைக்கும் சாம்பல் நாள் படங்கள் கரையின் மாற்றத்துக்கு நம்பகமான சாட்சியாகவும் அமையும். நிழல்கள் இடம் மாறிக் குழப்பாததால், இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது எளிது.

கேமராவின் ஒளி மீட்டருக்கு மந்தாரம் என்ற ஒன்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவர முயல்வதுதான் அதன் இயல்பு. வெளிறிய வானம் சட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பினால் மீட்டர் படத்தை இருட்டாக்கும். அப்போது மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். கறுத்த மேகமும் கறுத்த பாறையும் நிரப்பினால் அதுவே படத்தை வெளிறச் செய்யும். அப்போது குறைக்க வேண்டும். திரையில் தோன்றும் படத்தைவிட ஹிஸ்டோகிராம் வரைபடத்தை நம்புவது நல்லது. மூட்ட நாளில் அதன் மேடு நடுவில் குவிந்திருப்பது பிழையல்ல, அன்றைய வானத்தின் உண்மை. வலது ஓரத்தை மட்டும் அது முட்டக் கூடாது. நுரையின் வெண்மை ஒருமுறை போனால் போனதுதான்.

வெண்மைச் சமன்பாடும் இதே போன்ற சோதனை. நேரடி வெயிலின் நிற வெப்பநிலை 5,500 கெல்வின் அளவு என்றால் மேகமூட்டத்தில் 6,500 முதல் 7,500 வரை போகும், அதாவது ஒளி சற்று நீலம் பாய்ந்திருக்கும். தானியங்கி அமைப்பு அந்த நீலத்தைத் துடைத்துவிடுகிறது. ‘மேகமூட்டம்’ என்ற அமைப்பு இன்னும் ஒருபடி மேலே போய் மஞ்சளைச் சேர்க்கிறது. ஆள் முகத்துக்கு அது நல்லது. ஆளில்லாத கடற்கரைக்கு அது கெடுதல். பகல்வெளிச்ச அமைப்பிலேயே விட்டால் கண்ணால் உணர்ந்த குளிர்ச்சி படத்திலும் நிற்கும்.

ஷட்டரின் நேரம் இந்தப் படங்களில் கிட்டத்தட்ட ஒரு கருத்தைச் சொல்வதற்குச் சமம். 1/1000 விநாடியில் பாறையில் மோதும் அலை துளித்துளியாக உறைந்து நிற்கும். கடலின் வலிமை தெரியும். கால் விநாடி முதல் ஒரு விநாடிக்குள் பின்வாங்கும் நீர் மணலில் வெள்ளைக் கோடுகளாக இழுபடும், ஓட்டம் தெரியும். அரை நிமிடத்துக்கு மேல் போனால் பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீர்ப்பரப்பு புகைபோல் ஆகிவிடும். பகலில் அவ்வளவு நேரம் கொடுக்க, ஒளியைக் குறைக்கும் கருமையான என்.டி. ஃபில்டர் தேவை. பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/60 விநாடியில் எடுத்திருக்க வேண்டிய படத்துக்கு அது ஏறத்தாழ 17 விநாடி கேட்கும். நீண்ட நேரத்தில் கடந்து செல்லும் ஆட்கள் பதிவாகாமல் மறைந்துபோவார்கள் என்பதால், உண்மையில் நாலு பேர் நடந்த சாலையையும் வெறுமையாகக் காட்ட முடியும். அது தொழில்நுட்பத்துக்கு எட்டும். ஆவணமாக எடுப்பவர் செய்யத் தக்கதன்று. புகைபோன்ற கடல் இன்று அளவுக்கு மீறிப் புழங்குவதால், அலையின் உருவம் கொஞ்சமாவது மிஞ்சும் அரை விநாடிப் படங்களே பெரும்பாலும் அந்த இடத்துக்கு விசுவாசமாக இருக்கின்றன.

தூறலைப் படத்தில் காட்ட வேண்டுமானால் அதற்குப் பின்னால் இருண்ட பொருள் வேண்டும்: கறுத்த பாறை, மூடிய கதவு, மரத்தின் நிழலடி. வெள்ளை வானத்தின் முன் மழைத்துளி கண்ணுக்கே தெரியாது. 1/60 விநாடியில் துளிகள் கோடாகும், 1/500-இல் புள்ளியாகும். பொலாரைசர் ஃபில்டர் மூட்ட வானத்தில் எந்த மாற்றமும் செய்யாது. ஆனால் ஈரச் சாலையின் பளபளப்பைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும். நனைந்த சாலையில் விளக்கின் பிரதிபலிப்பு படத்தின் உயிராக இருக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுவதே சரி.

விளக்கு என்றதும் அந்தி. புதுச்சேரியின் அட்சரேகையில் சூரியன் மறைந்தபின் வெளிச்சம் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் நிற்கிறது. அதற்குள் தெருவிளக்கின் ஒளியும் வானத்தின் ஒளியும் சமமாகும் தருணம் ஒன்று வந்து போகும். மேக நாளில் சிவப்பு அந்தி இல்லாமல், சாம்பல் மெல்ல மெல்ல ஆழ்ந்த நீலமாக மாறுகிறது. யாருமில்லாத நடைமேடையில் விளக்குகள் மட்டும் எரியும் படங்களுக்கு அதுவே நேரம். முன்கூட்டியே இடம் தேர்ந்து, முக்காலியை நிறுத்திக் காத்திருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

செல்பேசிக் கேமரா இந்த வேலைக்கு லாயக்கற்றது என்று தள்ள வேண்டியதில்லை. அதன் மென்பொருள்தான் இடைஞ்சல். பல படங்களைச் சேர்த்து நிழலைத் தூக்கி, வானத்துக்கு நீலம் பூசி, மந்தாரத்தை நல்ல நாளாக மாற்றிவிடும். எச்.டி.ஆர். அமைப்பை அணைக்க இயலும் கருவியில் அணைத்துவிட்டு, திரையில் நுரையின்மீது விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இறக்கினால் வானம் தன் எடையோடு பதிவாகும். ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

புதுச்சேரிக்குத் தெற்கே வேறு சில இடங்கள் தனிக் குணம் கொண்டவை. தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர்கள் எழுப்பிய கோட்டைக்கும், கடல் அரித்துப் பாதி கொண்டுபோன மாசிலாமணி நாதர் கோயிலுக்கும் நடுவே உள்ள கரை, கல்லும் அலையும் நேருக்கு நேர் நிற்கும் இடம். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையே அழித்தது. தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் மணலில் நிற்கின்றன. அங்கே ஒரு பக்கத்தை ஆண் கடல், மறுபக்கத்தைப் பெண் கடல் என்று அந்தப் பகுதி மக்கள் வழங்குகிறார்கள். மன்னார் வளைகுடா பக்கமான ஆண் கடல் வழக்கமாகச் சீறும்; மற்ற நேரங்களில் அடங்கியிருக்கும் வடபக்கப் பெண் கடல் வாடை வீசும் மாதங்களில் கலங்கத் தொடங்கும். குறுகிய நிலத்தின் இருபுறமும் இருவேறு கடல்களை ஒரே மணி நேரத்தில் எடுக்கக் கிடைக்கும் இடங்கள் அரிது. பல நூறு உயிர்கள் போன இடம் அது என்பதால், இடிபாடுகளின்மேல் ஏறி நின்று கோணம் தேடுவதைத் தவிர்ப்பது குறைந்தபட்ச மரியாதை.

ஆளில்லாத கடற்கரை என்று நகரத்தவர் சொல்லும் இடம் பல வேளைகளில் மீனவக் குடியிருப்பின் முற்றம். புயல் எச்சரிக்கையால் படகுகள் மேட்டில் ஏற்றப்பட்டு, வலைகள் தார்ப்பாயில் மூடப்பட்டுக் கிடக்கும் காட்சி படத்துக்கு அழகு. அந்த வீடுகளுக்கு அது வருமானமில்லாத நாள். படகின் அருகே போகுமுன் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வதும், வலையை மிதிக்காமலும் தார்ப்பாயை விலக்காமலும் இருப்பதும் கட்டாயம். காற்று எப்போது திரும்பும், எந்த இடத்தில் அலை திடீரென ஏறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பேச்சிலிருந்து கிடைக்கும் செய்தி வானிலைச் செயலியைவிடப் பல நேரம் பயன்படுகிறது.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. எண் கூடக் கூட ஆபத்தும் நெருங்குகிறது. கரையோரம் செல்ல வேண்டாம் என்று நிர்வாகம் அறிவித்த நாளில் எந்தப் படத்துக்காகவும் போகக் கூடாது. புயலுக்கு முந்தைய நாளிலும், கடந்துபோன மறுநாளிலும் வேண்டிய வானம் கிடைத்துவிடும். இடி கேட்டால் முக்காலியோடு திறந்தவெளியில் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே திரும்புவது பாதுகாப்பு. பாசி படிந்த பாறையில் இறங்குவதும், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பதும் உயிருக்கு உலை வைக்கும். முந்தைய பத்து அலைகள் எட்டாத இடத்தைப் பதினோராவது அலை எட்டக்கூடும்.

உப்புச் சாரல் கருவிக்கு எதிரி. லென்ஸின் முன் சாதாரணக் கண்ணாடி ஃபில்டர் மாட்டி, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பைக் கரைத்துவிட்டு, பிறகுதான் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த உப்பைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கேமராவை ஈரக்காற்றில் உடனே திறந்தால் லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டால் சரியாகிவிடும். முக்காலியின் கால்களை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் அவை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வீடு திரும்பியதும் அவற்றை நன்னீரில் கழுவியாக வேண்டும்.

கணினியில் திறக்கும்போது இந்தப் படங்கள் முதலில் ஏமாற்றமளிக்கும், சப்பென்று இருக்கும். அங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். மாறுபாட்டையும் கூர்மையையும் ஏற்றி, மேகத்தைப் புகைமூட்டம்போல் முறுக்கி, சாதாரண மந்தாரத்தை ஊழிக்காலமாக்கிவிடுகிறார்கள். சாம்பலைச் சாம்பலாகவே விட்டு, நடுத்தரத் தொனிகளை மட்டும் சற்றுப் பிரித்தால் போதும். பாறையில் எங்காவது ஒரு சிறு பகுதி முழுக் கறுப்பையும், நுரையில் ஒரு துளி முழு வெண்மையையும் தொட்டால் இடைப்பட்டவை தாமாக நிலைகொள்ளும். கறுப்பு வெள்ளையாக மாற்றுவதற்கு முன் நிறப்படத்தை ஒருமுறை கவனிப்பது நல்லது. ஒரு சிவப்புப் படகு மட்டும் நிறத்தோடு நிற்கும் சாம்பல் கரை, கறுப்பு வெள்ளையில் தன் மையத்தை இழந்துவிடும்.

சீரான வானம் சிறு குறைகளையும் காட்டிக்கொடுக்கும். சென்சாரில் படிந்த தூசி எஃப்/16-இல் கரும்புள்ளியாகத் தெரியும். எஃப்/8-இல் பெரும்பாலும் கரைந்துவிடும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள்ளன. மெல்ல மாறும் சாம்பலைத் திருத்தப் போனால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. அச்சிடுவதற்கு முன் கணினித் திரையின் பிரகாசத்தைக் குறைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரை மிகப் பளிச்சென்று இருந்தால் அதில் சரியாகத் தெரிந்த சாம்பல் தாளில் கறுத்து வரும். பளபளப்பான தாளில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் அறை வெளிச்சம் அதன்மேல் மின்னும். மேட் தாளில் கறுப்பு சற்று வெளிறும். அதே சமயம் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கூசாது. மந்தாரக் கடற்கரைக்குப் பொருந்துவது பெரும்பாலும் மேட் தாள்தான். முழு அளவில் அச்சிடுமுன், வானமும் நுரையும் பாறையும் சேர்ந்து வரும் ஒரு துண்டை மட்டும் சோதனையாக அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் தொனியைத் திருத்திக்கொள்வது அச்சகங்களில் வழக்கம்.